நிலுவையில் இருந்த ஒரு படையெடுப்பு

ஆடி மாதம் எம்.ரெட்டியபட்டியில் அடிக்கிற காற்றுக்கு யாராவது விலை வைத்திருந்தால், ஊரில் பாதிப் பேர் இந்நேரம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்போம். மேற்கேயிருந்து கிளம்பி வரும். சீமைக்கருவேலத்தைத் தலையைப் பிடித்து ஆட்டும். கரிசல் புழுதியை வாரி டீக்கடைப் பாலில் போடும். கொடியில் கிடந்த வேட்டியை அடுத்த தெருக்காரர் கூரையில் கொண்டுபோய்ச் சேர்த்து இரண்டு குடும்பத்துக்கும் சண்டை மூட்டும். இவ்வளவு காற்றையும் வைத்துக்கொண்டு எங்கள் முன்னோர் செய்த ஒரே காரியம், களத்தில் நின்று முறத்தைத் தூக்கிப் பிடித்துக் கம்பு தூற்றியது. பழமொழியும் அதோடு திருப்திப்பட்டுவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். காற்றுள்ளபோதே மரம் அறுத்துக்கொள், கப்பல் கட்டிக்கொள், அடுத்தவன் கடற்கரையில் போய் இறங்கிக்கொள் என்று எவரும் சொல்லிவைக்கவில்லை.

சொன்னவன் ஹாலந்தில் இருந்தான். பெயர் கார்னலிஸ் கார்னலிசோன், அதாவது கார்னலிஸ் மகன் கார்னலிஸ். நாமாவது தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து நடுவில் ஒரு தலைமுறை மூச்சுவிட இடம் கொடுப்போம். அங்கே அந்தப் பொறுமை இல்லை. காற்றில் சுற்றும் இறக்கையின் அச்சோடு ஒரு வளைந்த தண்டைச் சேர்த்தால் சுற்றுகிற சுற்று மேலும் கீழுமான ஆட்டமாக மாறும்; அந்த ஆட்டத்தில் ரம்பத்தை மாட்டினால் மரம் தன்னால் அறுபடும். இதைக் கண்டுபிடித்து 1594-ல் காற்றில் ஓடும் மரவாடி ஒன்றை நிறுத்திக் காட்டினான். அதுவரை ஒருவன் மேலே, ஒருவன் கீழே நின்று நாள் முழுக்க இழுத்த வேலை.

ஆம்ஸ்டர்டாமில் கையால் மரம் அறுக்கிறவர்களின் சங்கம் கொதித்து எழுந்தது. எங்கள் வயிற்றில் அடிக்க வந்தாயா என்று கேட்டு, காற்று மரவாடியை ஊருக்குள் விடமாட்டோம் என்றது. சங்கம் வென்றது, ஊர் தோற்றது. ஆலைகள் கொஞ்சம் வடக்கே, ஸான் ஆற்றங்கரைக்குப் போயின. அங்கே சங்கம் கிடையாது, காற்று உண்டு. நல்ல காலத்தில் அந்தச் சின்ன ஆற்றங்கரையில் ஒரே நேரத்தில் 600 காற்றாலைகள்போல நின்றன. பலகை அறுத்தன, எண்ணெய் ஆட்டின, காகிதக் கூழ் அரைத்தன, சாயம் பொடித்தன, கடுகும் மூக்குப்பொடியும்கூட அரைத்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஹாலந்துக்காரனிடம் அறுக்க மரமே கிடையாது. மரம் நார்வேயிலிருந்தும் பால்டிக் கரையிலிருந்தும் வந்தது. ஜெர்மானியக் காட்டு மரம் ரைன் ஆற்றில் மிதந்து வந்தது. பஞ்சு கிடையாது, மிளகு கிடையாது. நிற்க நிலமே கால்வாசி கடலுக்குக் கீழே. சொந்தமென்று சொல்லிக்கொள்ளக் காற்று ஒன்றுதான், அதிலும் பெரும்பகுதி இங்கிலாந்துப் பக்கமிருந்து வருவது. தண்ணீர் அதிகமாகிவிட்டது, எப்படி வெளியேற்றுவது என்பதே அந்த நாட்டின் முதல் கவலை. இதை எங்கள் ஊர் டீக்கடையில் நான் சொன்னபோது ஒரு பெரியவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “குழாய் போட்டு நம்ம கண்மாய்ல விடச் சொல்லு” என்றார்.

ஸான் பலகையின் புகழ் ரஷ்யா வரைக்கும் போனது. 1697 ஆகஸ்டில் ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர், கப்பல் கட்டுகிற வித்தையைக் கற்றுக்கொள்ள மாறுவேடத்தில் ஸான்டாமுக்கு வந்தார். மாறுவேடம் என்றால் தச்சன் உடை. ஆள் கிட்டத்தட்ட 6 அடி 8 அங்குலம். கூட வந்தவர்கள் எல்லாரும் பயந்து பயந்து பேசுகிறார்கள். கொல்லர் ஒருவரின் சின்ன மரவீட்டில் தங்கினார். சேதி பரவியதும் ஊரே தெருவில் கூடி நின்று வாய் பிளந்தது. ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடினார். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பட்டறையில் மதில் உண்டு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தடுக்கலாம். அவர் தங்கிய வீட்டை இன்றைக்கும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனிக்கு வருவோம்.

1602-ல் ஹாலந்து வியாபாரிகள் கூடி, தனித்தனியாகக் கப்பல் விட்டு ஒருவன் விலையை ஒருவன் கெடுப்பதை நிறுத்துவோம், ஒன்றாகச் சேர்ந்து அடுத்தவன் விலையைக் கெடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஐக்கியக் கிழக்கிந்தியக் கம்பெனி. அவர்கள் மொழியில் சுருக்கினால் வி.ஓ.சி. (தூத்துக்குடிக்காரர்கள் அவசரப்பட வேண்டாம், பின்னால் வருகிறேன்.) ஆம்ஸ்டர்டாமில் பங்குப் பணம் வசூலானது டிர்க் வான் ஆஸ் என்ற வியாபாரியின் வீட்டில். கிட்டத்தட்ட நம் ஊர்ச் சீட்டு போலத்தான்: யார் வேண்டுமானாலும் வந்து பெயர் எழுதலாம். கடைசி நாளன்று அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணே 100 கில்டருக்கு எழுதினாள். அவள் பெயர் நேல்ட்கென் கார்னலிஸ். ஆமாம், இவளும் ஒரு கார்னலிஸ். அந்த நாட்டில் மரப் பஞ்சத்தைவிடப் பெயர்ப் பஞ்சம் கொடியது. சீட்டுக்குரிய மற்ற லட்சணங்களும் இருந்தன. பணம் போட்டவர்கள் எட்டு வருஷம் காத்திருந்தார்கள். 1610-ல் முதல் லாபப் பங்கு அறிவிக்கப்பட்டபோது கம்பெனி கொடுத்தது காசு இல்லை, ஜாதிபத்திரி. வீட்டில் மூட்டை மூட்டையாக ஜாதிபத்திரியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை நாளைக்குப் பிரியாணி செய்வான்? அதுவும் பிரியாணி தெரியாத ஊரில்.

ஜாதிபத்திரி விளையும் பண்டா தீவுகளிலும் கிராம்பு விளையும் மலுக்கு தீவுகளிலும் வெள்ளிக் காசுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. அந்தத் தீவுக்காரர்கள் கேட்டது சோழமண்டலக் கரைத் துணி. சாயம் போகாத, பூப்போட்ட, உடுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற துணி. ஆக, வாசனைச் சரக்கு வேண்டுமென்றால் முதலில் நம் நெசவாளி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தார்கள். 1610-ல் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கிட்டங்கி போட்டார்கள். ‘இவர்கள் கொள்ளைக்காரர்கள், சொந்த ராஜாவுக்கே அடங்காதவர்கள்’ என்று போர்ச்சுகீசியர் அரண்மனையில் போட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள். கொள்ளைக்காரர்களைப் பற்றி அவர்கள் சொன்னால் அதில் அனுபவம் பேசும். அது எடுபடாமல் போக, 1612-ல் மயிலாப்பூரிலிருந்து போய் கிட்டங்கியை அடித்து நொறுக்கினார்கள். மறு வருஷமே டச்சுக்காரன் கோட்டை கட்டிவிட்டான். அங்கிருந்த அதிகாரியின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து, அதனால் கோட்டைக்குப் பெயர் கெல்டிரியா. அந்த நியாயப்படி எங்கள் ஊர்ப் பையன் யாராவது அன்றைக்கு ஆம்ஸ்டர்டாமில் கோட்டை கட்டியிருந்தால், உலக வரைபடத்தில் எம்.ரெட்டியபட்டி எப்போதோ வந்திருக்கும்.

அதே 1612-ல் ஹாலந்தில் இன்னொரு காரியம் நடந்தது. பேம்ஸ்டர் என்ற பெரிய ஏரியை நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளை வைத்து இறைத்து வற்றடித்து வயலாக்கினார்கள். இந்த வேலைக்குப் பணம் போட்டவர்களில் முக்கியமானவர் யார் என்று பார்த்தால், நம் பங்கு வசூல் புகழ் டிர்க் வான் ஆஸ். கிழக்கே போன கப்பலில் வந்த காசு, மேற்கே ஏரியை வற்றவைத்தது. ஏரியை வற்றவைப்பதற்கு இவ்வளவு செலவு செய்தார்கள். நாங்கள் காலணாச் செலவில்லாமல், வரத்துக்கால்வாயில் பிளாட் போட்டே சாதித்திருக்கிறோம்.

பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை. கோட்டைக்குப் பக்கத்தில் செய்த வெடிமருந்து போனது. 1620-களில் இந்தக் கரையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, சோற்றுக்காகத் தன்னையும் பிள்ளைகளையும் விற்ற சனத்தை ஆயிரக்கணக்கில் வாங்கி பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் யாருக்கும் கல்லறை கிடையாது. வாங்கியவனுக்கு இருக்கிறது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காத்துவருகிறது. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். செத்தால் எல்லாரும் இப்படித்தான் என்று அர்த்தமாம். உயிரோடு இருக்கும்போது அந்தச் சமத்துவம் அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. 2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமைக் காலத்துக்காக அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். நானூறு வருஷம் தாமதம். கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் அதற்குள் புறப்பட்டுப் போயிருந்தார்கள்.

அந்த மன்னிப்பில் திருச்செந்தூர் சேருமா என்பது தனிக் கேள்வி.

காயல்பட்டினத்தில் டச்சுக்காரன் வியாபாரம் செய்ய மதுரைத் திருமலை நாயக்கர் இடம் கொடுத்தார். பிறகு தகராறு, கிட்டங்கி போனது. பழிக்குப் பழியாக 1648-49 வாக்கில் டச்சுக்காரன் படையோடு வந்து இறங்கிய இடம் மதுரை அரண்மனை இல்லை, திருச்செந்தூர்க் கோயில். நாயக்கரை அடிக்க முடியாவிட்டால் நாயக்கர் கும்பிடுகிற சாமியைப் பிடி என்கிற ராஜதந்திரம். ஜப்தி செய்ய வந்தவன் போலக் கோயிலில் உட்கார்ந்துகொண்டான். போகும்போது சண்முகரையும் நடராசரையும் தூக்கிக்கொண்டு போனான். தங்கம் என்று நினைத்து உருக்கிப் பார்த்ததாகவும் உருகவில்லை என்றும் அந்தப் பக்கம் சொல்வார்கள். மீதிக் கதையைக் கோயிலிலேயே கேட்கலாம். கப்பல் நடுக்கடலுக்குப் போகிறது, புயல் பிடிக்கிறது, பலகை பலகையாகக் கழன்றுவிடும் போல இருக்கிறது. சூரனைப் பிளந்த சாமியைப் பலகைக் கப்பலில் ஏற்றியது பிசகு என்று அப்போதுதான் உறைத்து, விக்கிரகங்களைக் கடலில் இறக்கிவிட்டுத் தப்பினான். இங்கே திருநெல்வேலிச் சீமையில் நாயக்கரின் அதிகாரி வடமலையப்ப பிள்ளை. அவர் கனவில் முருகன் வந்து, கடலில் எலுமிச்சம்பழம் மிதக்கும், மேலே கருடன் வட்டமிடும், அங்கே மூழ்கிப் பார் என்று அடையாளம் சொன்னார். 1653-ல் எடுத்தார்கள். பணம் பேசித்தான் விக்கிரகம் திரும்பியது என்று எழுதும் சரித்திரக்காரர்களும் உண்டு. எனக்கு எலுமிச்சம்பழத்தின் மேல்தான் நம்பிக்கை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தை நம்பி வாழ்ந்த யாருக்கும் கடைசியில் கிடைத்தது ஜாதிபத்திரிதான்.

1658-ல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரன் கைக்கு மாறின. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு, சங்கு, துணி. கரிசல் உள்நாட்டுத் தறிகளுக்கு வியாபாரிகள் மூலம் முன்பணம் இறங்கியது. முன்பணம் என்பது இனிப்பாக வரும். பிறகு துணியின் அகலம், நூலின் எண்ணிக்கை, சாயத்தின் அழுத்தம் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லி விலை குறைக்க வரும். இந்த வித்தையைத் தமிழ்நாட்டில் எந்த நெசவாளிக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. சேதுபதியோடு ஒப்பந்தம், நாயக்கரோடு ஒப்பந்தம், மீறல், மறுபடி ஒப்பந்தம் என்று கிட்டத்தட்ட 167 வருஷம் இழுத்து, நடுநடுவே இங்கிலீஷ்காரன் பிடுங்குவதும் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்து, 1824 உடன்படிக்கையில் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு மறு வருஷம் மூட்டை கட்டினான்.

இதற்கு நடுவில்தான் நம் பக்கத்து ஆள் ஒருவர் ஹாலந்தின் மேல் படையெடுப்பதாக அறிவித்தது. பாடப்புத்தகத்தில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா பக்கத்துச் சின்ன ராஜ்யங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தார். அவை மிளகு ராஜ்யங்கள். டச்சுக்காரனுக்குச் சரக்குக் கொடுக்கிறவை. இலங்கையிலிருந்த டச்சு கவர்னர் வான் இம்ஹாஃப் நேரிலேயே வந்து, நிறுத்தாவிட்டால் உன் நாட்டின் மேல் படையெடுப்பேன் என்றார். ராஜா பதற்றப்படவில்லை. அப்படியானால் நானும் என் மீனவர்களையும் வள்ளங்களையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஐரோப்பாவின் மேல் படையெடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னதாகத் திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வள்ளத்தில் போவதற்குக் கட்டுச்சோறு எத்தனை மூட்டை என்பது போன்ற விவரங்களுக்குள் அவர் போகவில்லை. ஆனால் சொன்ன தோரணை அப்படி.

மிரட்டல் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1741-ல் குளச்சலில் டச்சுப் படை இறங்கியது. ஆகஸ்ட் 10-ம் தேதி தோற்றது. கரையில் மீனவர்களைத் துடுப்பைத் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்து வரிசையாக நிறுத்தினார்கள், பனந்தடியை வண்டியில் ஏற்றிப் பீரங்கி என்று காட்டினார்கள் என்றெல்லாம் அந்தப் பக்கம் கதை உண்டு. பனை மரத்தைப் பார்த்து ஹாலந்து பயந்தது என்பதைப் பனங்காட்டுக்காரனாகிய நான் மறுக்கப்போவதில்லை.

பிடிபட்டவர்களில் டி லனாய் என்று ஒருவர். ராஜா அவரைக் கொல்லவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார். அவரும் புலியூர்க்குறிச்சிக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, பீரங்கி வார்த்து, படைக்கு ஐரோப்பியக் கவாத்துப் பழக்கி, கன்னியாகுமரிக்கு அருகே வட்டக்கோட்டையைப் புதுப்பித்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயரெடுத்து, 1777-ல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத பழைய தேவாலயத்தில் கல்லறை. மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. அவர் வழியாகக் கிறித்தவரான நீலகண்ட பிள்ளை, தேவசகாயமாகி, 1752-ல் சுட்டுக்கொல்லப்பட்ட இடம் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துக் காற்றாடிமலை. 2022-ல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

இன்றைக்கு அந்த மலையைச் சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் முட்டி மோதிக்கொண்டு இந்தப் பக்கம் பாயும். முப்பந்தலில் இசக்கியம்மனுக்குத் தேங்காய் உடைக்க வண்டியை விட்டு இறங்கினால் துண்டை ஒரு கையாலும் தேங்காயை ஒரு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹாலந்து போய்க் காற்றாலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வட்டக்கோட்டை மதில் மேல் ஏறினால் போதும்: டச்சுக் கப்பித்தான் புதுப்பித்த கோட்டை, எதிரே கடல், பின்னால் சுற்றும் இறக்கைகள். விசா வேண்டாம்.

ஒரே ஒரு நெருடல். அந்தக் காற்றாலைகளுக்கு ஹாலந்து காரணம் இல்லை. 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்து முள்ளக்காட்டில் சின்ன அளவில் தொடங்கியது. பிறகு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் மாதிரிக் காற்றாலைப் பண்ணை போடக் கைகொடுத்தது டென்மார்க். இந்த டேனிஷ்காரன் யாரென்றால், 1620-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, கப்பல் வராமலும் காசு வராமலும் வருஷக்கணக்கில் அல்லாடி, கடைசியில் 1845-ல் இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனவன். போன பிறகு யோசித்து உருப்படியான ஒன்றை அனுப்பினான். டச்சுக்காரன் தன் காற்றாலைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அவை அறுத்த பலகையை மட்டும் கப்பலாக நமக்கு அனுப்பினான்.

அந்த வீட்டுக் காற்றாலைகளுக்கும் நல்ல காலம் முடிந்தது. நீராவி வந்தது, மின்சாரம் வந்தது, அறுநூறில் பெரும்பாலானவை விறகாகின. மிஞ்சியதையும் சாலைக்கும் ஆலைக்கும் பலி கொடுப்பதற்குள் யாரோ விழித்துக்கொண்டார்கள். 1961-ல் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம், ஸான் பகுதி முழுக்கக் கிடந்த பழைய பச்சை வர்ண மரவீடுகளையும் ஆலைகளையும் லாரியிலும் படகிலும் ஏற்றிக் கொண்டுவந்து ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் வைத்தார்கள். அதுதான் ஸான்ஸ ஸ்கான்ஸ். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் படையைத் தடுக்கப் போட்ட மண்கோட்டையின் பெயர் அது. ஸ்பெயின்காரனைத் தடுத்த இடத்தில் இப்போது உலகத்தையே வரவேற்கிறார்கள். வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்; ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்க்கிற சுற்றுலாக்காரர்களைச் சகித்துக்கொள்கிறார்கள். நம்மிடமும் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து 1996-லிருந்து காட்டுகிறார்கள். அங்கே குடியிருக்க யாரையும் விடவில்லை. விட்டால் காலி செய்யமாட்டோம் என்ற பயமாக இருக்கும்.

மார்த்தாண்ட வர்மா அறிவித்த படையெடுப்பு, வள்ளம் கிடைக்காமல் இரண்டரை நூற்றாண்டு தள்ளிப்போய், கடைசியில் விமானத்தில் நடந்தது. முன்னணிப் படை கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், பேரன் பிறந்த சாக்கில் மூன்று மாத விசாவில், அப்பா அம்மாக்கள் என்னும் பிரதான சேனை. எங்கள் ஊர் சார்பாகப் போனவர் என் தாய்மாமா. சாத்தூர் சேவு நாலு கிலோ, கம்பு மாவு, பேரனுக்கு அரைஞாண். ஆயுதம் இவ்வளவுதான்.

முதல் நாள் மகன் அவரை ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே கடல்சார் அருங்காட்சியகத்து வாசலில் பழைய கம்பெனிக் கப்பல் ஒன்றின் மாதிரி மிதக்கிறது. மேலே கொடி. கொடியில் வி, ஓ, சி என்று மூன்று எழுத்து. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். “பாத்தியா, நம்ம வ.உ.சி.க்கு இங்க மரியாதைய.” மகன் கைபேசியில் இருந்தான், கவனிக்கவில்லை.

மறுநாள் ஸான்ஸ ஸ்கான்ஸ். மரச்செருப்புச் செய்கிற பட்டறையைப் பார்த்து, “ஆணி மட்டும் வச்சா நம்ம சாமியாடி போடுற குறடு” என்றார். பாலாடைக்கட்டிக் கடையில் ருசி பார்க்கக் கொடுத்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ‘தேடுகிறவன்’ என்று பெயர் வைத்த எண்ணெய் ஆலைக்குள் போனார்கள். காற்றில் இரண்டு பெரிய கல் உருளைகள் செங்குத்தாக நின்று சுற்றி ஆளிவிதையை நசுக்குகின்றன. பிறகு சூடாக்கி, ஆப்பு அடித்துப் பிழிகிறார்கள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொடி, கப்பல், இப்போது செக்கு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. “ஒண்ணு விடாம வச்சிருக்கான்டா. நம்மூர்ல கூட இப்படி ஒரே எடத்துல வைக்கல.”

மாமா நினைத்ததைத் தப்பென்று சொல்லவும் மனசு வராது. தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி.யை, 1908-ல் தண்டனை கொடுத்து, கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் கட்டினார்கள். எண்ணெய் ஆட்டக் காற்று போதும் என்று ஹாலந்தில் கண்டுபிடித்து முந்நூறு வருஷம் ஆகியிருந்தது. நீராவி, தந்தி, ரயில் எல்லாம் வைத்திருந்த சாம்ராஜ்யத்துக்கு எண்ணெய் எடுக்க ஒரு வக்கீல் தேவைப்பட்டார்.

அப்போதுதான் மகன் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி உண்மையைச் சொன்னான். அது நம்ம வ.உ.சி. இல்லப்பா, இவங்க பழைய கம்பெனி, தூத்துக்குடியைப் பிடிச்சு வச்சிருந்தவங்க, திருச்செந்தூர்ல முருகனைத் தூக்கினவங்க. மாமா ஒன்றும் பேசவில்லை. முதல் நாள் கும்பிட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். விறுவிறுவென்று அடுத்த ஆலைக்கு நடந்தார். அது மரம் அறுக்கிற ஆலை. மேலே இறக்கை சுற்ற, உள்ளே ரம்பங்கள் ஏறி இறங்க, ஒரு பெரிய தடி கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையாகிக்கொண்டிருந்தது. ஆலைக்காரர் மரத்தூள் படிந்த தொப்பியோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

“கேளுய்யா அவரை. இந்தப் பலகையில செஞ்ச கப்பல்லதான வந்து எங்க செந்தூரானத் தூக்கிட்டுப் போனீங்க? கேளு.”

மகனுக்கு நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. ஆலைக்காரரிடம் திரும்பி, ஒரு நாளைக்கு எத்தனை பலகை அறுப்பீர்கள் என்று அப்பா கேட்கிறார் என்றான்.

ஆலைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நெஞ்சில் கை வைத்தார். வானத்தைக் காட்டினார். காற்று இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று இரண்டு கையையும் விரித்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினார். கடைசியில் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

ஊர் திரும்பியதும் மாமா டீக்கடையில் அறிவித்தார்: “நெஞ்சத் தொட்டு, ஆகாசத்தக் காட்டி, கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டான் மாப்ளே. மனுசன் தங்கம். நானும் சரி, போகட்டும்னுட்டேன்.”

“தூத்துக்குடி முத்துக்குக் கணக்குக் கேட்டீங்களா மாமா?”

“அடுத்த பேரன் வரட்டும்” என்றார்.